தலைப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு பேப்பர் முகவரின் திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும், ராத்திரி கண்விழித்துத் தலைப்பு போடும் உதவி ஆசிரியர்களுக்கும், செய்தித் தொலைக்காட்சிகளில் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நாளிதழ் முகவர். விடிவதற்கு முன்னால் கட்டு வந்து இறங்கும். பிரித்து, இணைப்பைச் சொருகி, சைக்கிளில் போகும் பையன்களுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, கட்டோடு வந்த போஸ்டரைக் கடை வாசலில் தொங்கவிடுவது என் வேலை. நீங்கள் நடு ராத்திரியில் எழுதிய தலைப்பை எங்கள் ஊரில் முதலில் படிக்கிற நாலைந்து பேரில் நானும் ஒருவன். ஆகவே இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘பட்டாசு ஆலையில் பயங்கர வெடிவிபத்து: உடல் சிதறி பலி’. ‘விஷவாயு தாக்கி 2 தொழிலாளர்கள் சாவு’. ‘தேர்வில் தோல்வி: மாணவி விபரீத முடிவு’. ‘தீராத வயிற்றுவலி: இளம்பெண் தற்கொலை’. ‘கள்ளக்காதலுக்கு இடையூறு: கணவர் கொலை’. ‘மசாஜ் சென்டரில் அழகிகள் மீட்பு’. ஒரே நாளில் வராவிட்டாலும் ஒரு மாதத்துக் கட்டுகளைப் புரட்டினால் இவை எல்லாம் வந்திருக்கும். ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், தலைப்பு மாறாது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது அதில் இருக்கும். யார் செய்யத் தவறியதால் செத்தார்கள் என்பது இருக்காது. என் வருத்தம் முழுக்க இதுதான்.

‘தலைப்புதானே, உள்ளே விவரமாகப் போட்டிருக்கிறோமே’ என்று நீங்கள் சொல்லலாம். ஐயா, உள்ளே படிக்கிறவர் எத்தனை பேர் என்று என் கடை வாசலில் நின்று பாருங்கள். பேப்பர் வாங்குகிறவர் ஒருவர் என்றால் போஸ்டரைப் படித்துவிட்டு பஸ் ஏறுகிறவர் பத்துப் பேர். டீக்கடையில் ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வாசிப்பார்கள். முதல் பக்கம் கிடைத்தவர் தலைப்பைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்களுக்கு அதுதான் செய்தி. இப்போது கைப்பேசியில் பார்க்கிற பிள்ளைகளும் தலைப்பைத் தாண்டிப் போவதில்லை. நாடு முழுவதும் தலைப்பில்தான் செய்தி தெரிந்துகொள்கிறது.

இது தமிழ்ப் பத்திரிகைக்குப் புதிதும் இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய காலத்தில் பத்திரிகை படித்தவர்கள் சிலர்தான். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில், எளிய தமிழில் செய்தியைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம்தான் பேப்பர் டீக்கடைக்கும் சலூனுக்கும் வந்தது. என் அப்பா காலத்து ஆட்கள் பலர் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடத் தலைப்பில் கற்ற எழுத்து அதிகம். பெரிய எழுத்துத் தலைப்பு என்பது ஏழை வாசகருக்காகப் பிறந்த விஷயம். அந்த ஏழை செத்துப்போகும்போது அதே தலைப்பு அவருக்கு உதவாமல் போகிறதே என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் செய்தியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சிவகாசி என்று இந்தப் பக்கம் எங்கே வெடித்தாலும் தலைப்பு ‘வெடிவிபத்து’ என்று வரும். செய்தியின் இரண்டாவது பத்தியில் ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு’ என்று ஒரு வரி வரும். கடைசிப் பத்தியில் முதல்வர் இரங்கல், நிவாரணத் தொகை. மறுநாள் இறுதிச் சடங்குப் படம். மூன்றாம் நாள் வேறு செய்தி.

உராய்வு என்பது உண்மைதான். ஆனால் உராய்வு எப்படி வந்தது? பட்டாசுத் தொழிலுக்குச் சட்டம் விலாவாரியாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூட டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்றால் என்னவென்று தெரியும். சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் கொடுப்பார். பெரியதற்கு மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும், அதற்குச் சென்னையில் அலுவலகமும் நாக்பூரில் தலைமையகமும் இருக்கின்றன. எந்த லைசென்ஸில் எந்த ரகம் செய்யலாம், எத்தனை கிலோ மருந்து வைத்திருக்கலாம், ஓர் அறைக்குள் எத்தனை பேர் உட்காரலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. தகுதிச் சான்று பெற்ற போர்மேன் அங்கே இருக்க வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் நீர்த்துப்போய்த் தானாகவே வெடிக்கும் என்பது வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

இத்தனையும் எங்கே காணாமல் போகிறது? உள்குத்தகையில். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை இன்னொருவருக்கு விடுவார். அவர் அறை அறையாகப் பிரித்து வேறு ஆட்களுக்கு விடுவார். அறையை எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அதனால் நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பத்துப் பேர். இடம் போதாவிட்டால் மரத்தடியில் வேலை. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி எங்கள் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டது. உள்குத்தகைக் கதை அப்போது ஊரறிய வெளியே வந்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட நாற்பது பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் நிறைய. இந்த இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட எட்டரை வருஷம். அந்த எட்டரை வருஷத்தில் ‘உள்குத்தகை’ என்ற சொல் எத்தனை முறை தலைப்பில் வந்தது? ‘உடல் சிதறி’ எத்தனை முறை வந்தது? உங்கள் அலுவலகத்தில் பழைய பைண்டிங் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

வெடித்த மறுநாள் காலை போஸ்டர் முன்னால் நிற்பவர்கள் யார் என்று சொல்கிறேன். ஆலை வேன் வருவதற்காகக் காத்திருக்கும் பெண்கள். கையில் தூக்குவாளி, தலையில் கட்டிய பழைய துண்டு, விரல் இடுக்கில் சோப்பு போட்டாலும் போகாத அலுமினியப் பொடி மினுமினுக்கும். அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு அதே வேலைக்குத்தான் அவர்கள் வண்டி ஏறுகிறார்கள். ‘உடல் சிதறி பலி’ என்று படிப்பதால் அவர்களுக்குத் தெரியாத எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை. ‘லைசென்ஸ் ஒருவருக்கு, ஆலை நடத்தியது வேறொருவர்’ என்று போட்டிருந்தால், ‘நம்ம ஆலையை யாரு நடத்துறா?’ என்று அந்த வேனுக்குள் ஒரு பேச்சாவது எழும். ‘ஓர் அறையில் அனுமதியை மீறிப் பத்துப் பேர்’ என்று போட்டிருந்தால், உள்ளே போய் உட்காரும்போது ஒருத்தியாவது தலையை எண்ணிப் பார்ப்பாள். தலைப்பு செய்ய வேண்டிய வேலை இதுதானே?

அடுத்தது விஷவாயு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ஆட்கள் இறந்தால் வாயுதான் குற்றவாளி மாதிரி தலைப்பு போடுகிறோம். மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில் இப்படி இறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அப்படியிருக்க ‘சட்டத்தை மீறித் தொட்டிக்குள் இறக்கினர்: இருவர் சாவு’ என்று தலைப்பு போட என்ன தடை? எழுத்து எண்ணிக்கையில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. 30 லட்சம் தர வேண்டும் என்ற ஒரு வரி செய்தியில் இருந்தால், அதைப் படித்துக் காட்டி வக்கீலிடம் போக அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழி கிடைக்கும். அந்த வீடுகளில் சட்டம் போய்ச் சேர வேறு வழி பெரும்பாலும் கிடையாது.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் வாட்டுகிற விஷயம். தற்கொலைச் செய்திகள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இது உங்களுக்கும் தெரியும், நீங்களே அச்சடித்த செய்தி. இந்தச் செய்திகளை எப்படிப் போட வேண்டும் என்று இந்திய பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பரில் வழிகாட்டுதல் கொடுத்தது. முக்கிய இடத்தில் போடாதே, திரும்பத் திரும்பப் போடாதே, எந்த முறையில் என்று விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்பான தலைப்பு வேண்டாம், படம் வேண்டாம். பிரச்சினைக்குத் தற்கொலை ஒரு தீர்வு போலத் தோன்றும்படி எழுதாதே. உலக சுகாதார நிறுவனம் சொன்னதை ஒட்டி எழுதியவை இவை. கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும் என்பது எனக்குத் தெரியும். தொலைக்காட்சி அதன் வரம்புக்குள்ளேயே வராது. ஆகவே இது உங்கள் மனசாட்சியை நம்பி விடப்பட்ட வேலை.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே சுரங்க ரயில் வந்த பிறகு, ரயில் முன் விழுந்து சாகிறவர்கள் எண்பதுகளின் நடுவில் கூடிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு சாவையும் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டுவந்தன. 1987இல் மருத்துவர்களும் தற்கொலைத் தடுப்பு அமைப்பினரும் பத்திரிகைகளுக்கு வழிமுறை எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகள் முக்கால்வாசிக்கு மேல் குறைந்தன. ரயில் அதே ரயில், ஊர் அதே ஊர், மாறியது பத்திரிகை மட்டும்தான். ஒரு தலைப்பால் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்வது சும்மா உணர்ச்சிவசப்பட்டு அல்ல.

என் கடை வாசலில்தான் பள்ளிக்கூட பஸ் நிற்கும். பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தில் போஸ்டரைப் படிப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ‘வி-ப-ரீ-த’ என்று எழுத்துக் கூட்ட, பெரிய பிள்ளை அதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். தேர்வு முடிவு வந்த மறுநாள் எந்தத் தலைப்பு தொங்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். மதிப்பெண் பட்டியலில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017இலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது, நல்ல காரியம். தேறாத பிள்ளைக்கு உடனே துணைத்தேர்வு இருக்கிறது, அதை எழுதி அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். ‘தேறாதவர்களுக்குத் துணைத்தேர்வு: விண்ணப்பிக்கும் நாள் அறிவிப்பு’ என்று போஸ்டர் போடுங்களேன். அந்த வாரம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீட்டுக்கு வேண்டிய செய்தி அதுதான். விற்காது என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொன்னால், விற்கும் என்று ஒரு முகவராக நான் சொல்கிறேன்.

செய்தியின் அடியில் 104, 14416 என்ற உதவி எண்களைப் பொடி எழுத்தில் போடும் பழக்கம் வந்திருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் மேலே எப்படிச் செத்தார் என்று படத்தோடு விளக்கிவிட்டுக் கீழே எண் போடுவதில் பயன் குறைவு. எண்ணைப் பெரிதாக்குங்கள், விளக்கத்தை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த வயிற்றுவலி. தமிழ்நாட்டில் எத்தனை இளம்பெண்கள் வயிற்றுவலியால் தற்கொலை செய்துகொண்டதாக நாம் படித்திருக்கிறோம்! கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி வந்ததே இப்படிப்பட்ட சாவுகளில் வரதட்சணையும் அடி உதையும் மறைந்திருக்கும் என்பதால்தான். விசாரணை தொடங்குவதற்கு முன்பே ‘தீராத வயிற்றுவலி’ என்று நீங்கள் தலைப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவர் சொன்னதை அவர்கள் எழுதுகிறார்கள், அதை நிருபர் அனுப்புகிறார், அது அப்படியே அச்சாகிறது. புகார் கொடுத்தவர் சில நேரம் அந்தப் புருஷனாகவே இருக்கிறார். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எங்க பிள்ளைக்கு வயித்துவலியே கிடையாதுங்க’ என்று யாரிடம் போய்ச் சொல்வார்கள்? உண்மையிலேயே நோய் தாங்காமல் போனவர்களும் இருப்பார்கள், மறுக்கவில்லை. தெரியும் வரை ‘இளம்பெண் மரணம்: கோட்டாட்சியர் விசாரணை’ என்று போட்டால் போதுமே. கதவு திறந்திருக்கும்.

பெண்களைப் பற்றிய மற்றத் தலைப்புகளையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ‘கள்ளக்காதல்’ என்ற சொல் இல்லாத வாரம் இல்லை. கல்யாணத்துக்கு வெளியே உறவு வைப்பதைக் குற்றமாகச் சொன்ன சட்டப் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கொலை நடந்தால் கொலை என்று போடுங்கள், கொன்றவர் பெயரைப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் செத்துப்போன பெண்ணையே, வாய் திறந்து பதில் சொல்ல முடியாதவளையே, அந்தச் சொல்லால் எழுதுகிறீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும். ‘அழகிகள்’ என்பதும் இப்படித்தான். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்கள் வழக்கில், சோதனையின்போதும் மீட்பின்போதும் அவர்கள் அடையாளம் வெளியே தெரியாதபடி ஊடகங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கப்புறமும் முகத்தில் துப்பட்டா போட்டு ஓடும் பெண்களை கேமரா துரத்துகிறது. அங்கே போன ஆண்கள் யார், நடத்தியவர் யார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

காதலிக்கவில்லை என்று ஒரு பெண்ணைக் கொன்றால் ‘ஒருதலைக் காதல்’ என்கிறோம். நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் 2016இல் நடந்ததும் பரங்கிமலை ரயில் நிலையத்தில் 2022இல் நடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. வேண்டாம் என்ற பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். கொலைக்கு முன்னால் எத்தனை நாள் பின்தொடர்ந்தான், புகார் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் காவல் நிலையம் என்ன செய்தது என்பதுதான் மற்றப் பெண்களுக்கு வேண்டிய செய்தி. காதல் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வரும் வழக்கில் பெயர் போடக் கூடாது என்பதைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறீர்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரை மட்டும் சொல்லவில்லை. வீடு, பள்ளி, குடும்ப விவரம், அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் எதுவும் கூடாது என்கிறது. எங்களைப் போன்ற சின்ன ஊரில் ‘கூலித் தொழிலாளியின் மகள், அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு, இன்ன கோயில் தெருவுக்கு அருகே’ என்று எழுதினால் பெயர் எழுதின மாதிரிதான். காலை எட்டு மணிக்குள் ஊரே கண்டுபிடித்துவிடும். அந்தப் பிள்ளை அந்தப் பள்ளிக்கு மறுபடி போக முடியாது. சென்னையில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த விவரங்கள் சாதாரணமாகத் தெரியலாம். மாவட்டப் பக்கத்தை எங்கள் ஊரில் நின்று படித்தால்தான் அதன் கொடுமை தெரியும்.

பொள்ளாச்சி வழக்கில் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அங்கேயும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் என்றது. இரண்டிலும் முதல் தவறு அரசுத் தரப்பில். ஆனால் அதிகாரி சொன்னாலும் நாங்கள் போட மாட்டோம் என்று ஊடகங்கள் அத்தனையும் நின்றிருந்தால் அது அந்த அறையோடு போயிருக்கும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. எங்கள் பக்கத்து நிருபர்கள் பலர் பகுதி நேரம். அனுப்பும் செய்திக்குத்தான் பணம். காவல் நிலையம், அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம் மூன்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஆலை முதலாளி விளம்பரம் கொடுக்கிறவராகவும் இருப்பார். ராத்திரி பக்கம் முடிக்கும் நேரத்தில் மூன்று வரித் தகவல் வந்தால், அதை வைத்து அஞ்சு நிமிஷத்தில் தலைப்பு போட வேண்டிய உதவி ஆசிரியர் வேறு என்ன செய்வார்? அதனால்தான் இந்த மடலை ஒரு நிருபர் மீதான புகாராக எழுதாமல் மொத்தப் பேருக்கும் எழுதுகிறேன். அஞ்சு நிமிஷத்தில் கை தானாக எழுதுகிற தலைப்பு எது என்பதைப் பகலில், அவசரமில்லாத நேரத்தில், ஆசிரியர் குழு உட்கார்ந்து மாற்றி வைக்க முடியும்.

முடியும் என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. உங்கள் தலைப்புகளில் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்தது. திருநங்கை என்ற சொல் வந்தது. முன்பு ‘கௌரவக் கொலை’ என்று போட்டுக்கொண்டிருந்தீர்கள். கொல்வதில் என்ன கௌரவம் என்று பலர் கேட்டார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றதைத் தமிழ்நாடே பார்த்தது. இன்றைக்கு டீக்கடையில் பேசுகிறவரும் ‘ஆணவக் கொலை’ என்றுதான் சொல்கிறார். அவர் எந்த மாநாட்டுக்கும் போனவர் இல்லை. போஸ்டரில் படித்தார், அவ்வளவுதான். உங்கள் கையில் இவ்வளவு பலம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. இந்த மாநிலத்தில் எந்தச் செய்திக்கும் முடிவு வருவதில்லை. தூத்துக்குடியில் 2018 மே 22இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. அதில் பெயர் சொல்லப்பட்டவர்கள் மேல் பிறகு என்ன நடவடிக்கை என்பதை எத்தனை பேர் தொடர்ந்து படித்தோம்? 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். அந்த மெத்தனால் எங்கிருந்து வந்தது, யார் விற்றார், வழக்கு என்ன ஆனது என்று மாதத்துக்கு ஒரு தலைப்பாவது வந்திருந்தால், அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்திருப்பார்களா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். தடுத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதிகாரிகள் இவ்வளவு நிம்மதியாக இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே என் தரப்பில் ஒரு முடிவு. தற்கொலைச் செய்தி போட்ட போஸ்டரை இனி என் கடையில் தொங்கவிட மாட்டேன். விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் வந்து கேட்டால் இந்த மடலின் நகலைக் கையில் கொடுப்பேன். பக்கத்து ஊர் முகவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன், சிலர் சரி என்றிருக்கிறார்கள்.

உங்கள் தரப்பில் ஒன்று கேட்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் கடந்த பத்து ஆண்டில் நடந்த ஆலை வெடிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் லைசென்ஸ் யார் பெயரில் இருந்தது, நடத்தியது யார், வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்த நிலையில் நிற்கிறது, அறிவித்த நிவாரணம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு முழுப் பக்கம் போடுங்கள். அச்சங்குளத்திலிருந்து தொடங்கலாம். அது வரப்போகிற நாளை இரண்டு நாள் முன்னதாக எனக்குச் சொல்லிவிடுங்கள். வழக்கமான கட்டோடு இன்னும் நூறு பிரதி சேர்த்து அனுப்புங்கள், ஒன்றுகூட ரிட்டர்ன் வராமல் விற்றுத் தருகிறேன். ஆலை வேன் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் கட்டு வந்து சேர்வது முக்கியம்.

இப்படிக்கு,
ஒரு நாளிதழ் முகவர்,
சாத்தூர்.